கடைசிப் பெயர் இல்லாதவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலைக்காக 2018-இல் ஓர் இணையப் படிவம் செய்து கொடுத்தேன். வேலைக்குச் சேரும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் விவரங்களை நுழைவாயிலிலேயே பதிவு செய்வதற்கான படிவம் அது. முதல் பெயர், கடைசிப் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் என்று வரிசையாகக் கட்டங்கள். பெயருக்கான இரண்டு கட்டங்களின் அருகிலும் சிவப்பு நிறத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்ப வேண்டும், இல்லையேல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது என்று அதற்குப் பொருள். அந்தக் கட்டாயத்தை விதிக்க நிரலில் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். அந்த ஒரு சொல்லால் ஒருவருடைய வருங்கால வைப்பு நிதி ஏழு மாதங்கள் முடங்கிக் கிடந்தது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அவர் ஒடிஷாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்தவர். ஆதார் அட்டையில் அவருடைய பெயர் ஒரே சொல். பெற்றோர் வைத்ததும் ஊரார் அழைப்பதும் அந்த ஒரு சொல்லைத்தான். நுழைவாயிலில் விவரங்களைப் பதிந்த இளைஞர் முதல் கட்டத்தில் அதை எழுதினார், இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தது, படிவம் நகரவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் 'குமார்' என்று தட்டினார், படிவம் நகர்ந்தது. அந்தப் பெயரே வைப்பு நிதிக் கணக்குக்கும் போயிற்று. தாயின் உடல்நலம் காரணமாக வேலையை விட்டு ஊர் திரும்பியவர் பணத்தைக் கேட்டபோது, கணக்கில் இருந்த பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் பொருந்தவில்லை. பொருந்தாததால் இரண்டையும் இணைக்க முடியவில்லை. இணைக்காமல் இணையவழியில் விண்ணப்பிக்க வழியில்லை.

பதிவு செய்த இளைஞரிடம் விசாரித்தபோது அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "கட்டம் விடலையே சார், நான் என்ன பண்றது? கடைசிப் பேர் இல்லாத ஆம்பளைங்களுக்கெல்லாம் குமார், பொம்பளைங்களுக்கு தேவின்னு போட்டுட்டேன்." தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். வரிசை வரிசையாகக் குமார்கள். தேவிகள். இடையிடையே வெறும் புள்ளிகள், கோடுகள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டவன் நான்; அவர் ஏதோ ஒன்றைக் கொடுத்தார்.

இந்தத் தவறு வேறெந்த ஊரில் நடந்திருந்தாலும் இவ்வளவு விரைவில் வெளிப்பட்டிருக்காது. கும்மிடிப்பூண்டி தமிழகச் சட்டப்பேரவைத் தொகுதிகளின் பட்டியலில் முதல் எண்ணைக் கொண்டது; வடக்கே சிறிது தொலைவில் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். 1997-இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. இதே மாவட்டத்தின் திருத்தணி 1960 வரை ஆந்திரத்தில்தான் இருந்தது. தொழிற்பேட்டைக்கு வேலை தேடி ஒடிஷா, பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறார்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் முகாமும் இங்கே இருக்கிறது. ஆக, ஆலை வாயிலில் காலை எட்டு மணிக்கு நிற்கும் ஒரே வரிசையில் நான்கைந்து பெயர் மரபுகள் நிற்கின்றன.

தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரில் முதல் எழுத்து முன்னெழுத்தாக நிற்கும். சிலருக்கு ஊரின் எழுத்தும் சேரும். தெலுங்கு பேசுவோருக்கு 'இண்ட்டி பேரு' எனப்படும் வீட்டுப் பெயர் உண்டு. அது குடும்பப் பெயர்தான், ஆனால் முதலில் வரும். 'கடைசிப் பெயர்' என்று கேட்டால் தன் சொந்தப் பெயரையே எழுதிவிடுவார். இலங்கைத் தமிழர் தந்தையின் பெயரைச் சுருக்காமல் முழுமையாக முன்னால் எழுதுவதுண்டு. வடக்கிலிருந்து வருவோரில் குடும்பப் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சாதியைக் காட்டுவதால் அதை விட்டுவிட்டவர்களும், ஒருபோதும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரையும் 'முதல்', 'கடைசி' என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடைக்க முயன்றேன்.

அந்தக் கட்டங்களை நான் சிந்தித்து வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வலை நிரலாளர்கள் படிவத்தை வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் அச்சு ஒன்றை எடுத்து, நிறத்தை மாற்றி, நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டுவோம். தனிப்பெயர் முன்னும் குடும்பப் பெயர் பின்னும் வரும் நாடுகளில் அந்த அச்சுகள் உருவானவை. அங்குள்ளவர்களுக்கே இதன் குறை தெரியும் என்பதுதான் வியப்பு. பேட்ரிக் மெக்கென்சி என்ற அமெரிக்க நிரலாளர் 2010-இல், மனிதப் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முழுப் பெயர்தான் உண்டு, பெயர்கள் மாறுவதில்லை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. வலைப்பக்கங்களின் அடிப்படை மொழியான எச்.டி.எம்.எல்.லின் தர ஆவணமே, பெயரைத் துண்டுகளாகக் கேட்பது மேற்கத்தியச் சாய்வை வெளிப்படுத்தும், பல பண்பாடுகளில் ஒற்றைப் பெயரே உண்டு, ஆகவே ஒரே கட்டமாகக் கேட்பது மேல் என்று அறிவுறுத்துகிறது. நான் நாள்தோறும் பயன்படுத்தும் மொழியின் ஆவணம் அது. அந்தப் பகுதியைப் படித்தது தவறு நடந்த பிறகுதான்.

நம் நாட்டு ஆவணங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே இடம். வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் என்று மூன்று. அங்கே முன்னெழுத்தைச் சுருக்கமாக எழுதக் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கடவுச்சீட்டில் இரண்டு. ஆகவே முருகன் என்ற ஒருவர், குப்புசாமியின் மகன் என்று வைத்துக்கொள்வோம், ஓர் அட்டையில் முருகன் கே, இன்னொன்றில் குப்புசாமி முருகன், மூன்றாவதில் முருகன் குப்புசாமி. பள்ளிச் சான்றிதழ் தமிழில் இருந்தால் கு. முருகன், எழுதியவரின் பழக்கத்தைப் பொறுத்து கே. முருகன். அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. நல்ல ஆணை. அதற்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ்களில் 'கே' அப்படியே இருக்கிறது.

மனிதர் ஒருவரே என்று ஊரில் எவருக்கும் ஐயம் வராது. கணினிக்கு வரும். ஏனெனில் நாம் அதனிடம் கேட்கும் கேள்வி 'இவர் அவர்தானா?' என்பதல்ல, 'இந்த எழுத்துத் தொடரும் அந்த எழுத்துத் தொடரும் ஒன்றா?' என்பது. ஓர் இடைவெளியோ ஒரு புள்ளியோ கூடினாலும் விடை 'இல்லை'.

எல்லை தாண்டும்போது விளைவு இன்னும் கடுமையாகும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் முடிவெடுத்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களின் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. என் நிலைமை இவ்வளவு மோசமில்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருக்கிறேன். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விமான நிலையங்களில் இன்னும் அவரை அழைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

பெயர்களின் வரிசை ஒரு சிக்கல் என்றால், எழுத்துக்கூட்டல் இன்னொன்று. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயிலில் போகும்போது நிலையங்களின் பெயர்ப் பலகைகளை வாசிப்பது என் பழைய பழக்கம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று தமிழில் ஐயமின்றி நிற்கும் பெயர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும். 'பூண்டி' என்பதை ரயில்வே ஒரு 'யு' கொண்டு எழுதுகிறது; தொகுதிப் பட்டியலில் இரண்டு 'ஓ'. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'டி'க்குப் பின் 'ஹெச்' கிடையாது. தொகுதிப் பெயரில் உண்டு. ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி, 1018 பெயர்கள் கொண்ட அரசாணை ஒன்று 2020 ஜூனில் வந்தது நினைவிருக்கலாம். கோவைக்கும் வேலூருக்கும் அது தந்த எழுத்துக்கூட்டல்களைப் பார்த்து எழுந்த நகைப்பிலும் எதிர்ப்பிலும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டல்களைவிட அன்று என் மனத்தில் ஓடியது வேறு: பழைய வடிவங்களைத் தாங்கி நிற்கும் தரவுத்தளங்கள் எத்தனை, அவற்றை யார் திருத்துவது?

இத்தகைய வேறுபாடுகளைச் சமாளிக்கக் கணினியியலில் வழிகள் இல்லாமல் இல்லை. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவென்ஸ்டெய்ன் 1965-இல் முன்வைத்த அளவீடு ஒன்று உண்டு. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவதுதான் அது. திருவள்ளூரின் இரண்டு ஆங்கில வடிவங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஒன்று: ஒரு 'ஹெச்'. கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு: ஓர் 'ஓ'வை 'யு' ஆக்கி, இன்னொன்றை நீக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொலைவு என்றால் உடனே நிராகரிக்காமல், 'ஒருவேளை ஒன்றாக இருக்கலாம்' என்று மனிதரின் பார்வைக்கு அனுப்பலாம்.

இதைவிடப் பழையது சவுண்டெக்ஸ். ஒலியொத்த பெயர்களை ஒரே குறியீட்டின் கீழ்க் கொண்டுவரும் முறை. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் உள்ளமைந்தே வருகிறது. ஆனால் அது ஆங்கில ஒலிப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஞானம் என்ற பெயரை ஒருவர் 'ஜி'யில் தொடங்கி எழுதினால், இன்னொருவர் 'என்'னில் தொடங்குவார். சவுண்டெக்ஸின் கணக்கில் இரண்டும் ஒருபோதும் சந்திக்காது. எழில் என்பதை 'இசட்', 'ஹெச்' சேர்த்து எழுதுவோரும் 'எல்' போட்டு எழுதுவோரும் அப்படியே. ழகரத்தை அந்த முறை கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழிலேயே பதிந்தால் தீராதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பெரும்பகுதி தீரும், முழுவதும் தீராது. யூனிகோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருக்கிறது. 2010-இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. ஆனால் கணினிக்குள் தமிழ் எழுத்து நாம் எண்ணுவதுபோல் எண்ணப்படுவதில்லை. கும்மிடிப்பூண்டி நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் கு என்பது 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ம் என்பது 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எட்டு எழுத்தும் பதினாறு குறியீடுகளாகும். வலையில் பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், மொத்தம் 48. ஆங்கிலத்தில் அதே ஊர் 12 அல்லது 13 பைட்டில் முடிந்துவிடும். 'ஊர்ப் பெயருக்கு நாற்பது பைட் தாராளம்' என்று எண்ணி எல்லை வைத்த பழைய கோப்பு ஒன்றில் நம் ஊர் 'கும்மிடிப்பூண' என்று வெட்டுண்டு, அதன் பின்னால் ஒரு பொருளற்ற குறியோடு நிற்கும். வலைத்தளங்களில் பெயர்களுக்குப் பின்னால் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இப்படிப் பிறந்தவை.

இன்னொரு நுட்பமான இடர் உண்டு. 'கோமதி' என்று தட்டும்போது முதல் எழுத்தை இரண்டு வழிகளில் அமைக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி என ஒன்று, ககரம், இரட்டைக் கொம்பு, கால் எனத் தனித்தனியாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. நல்ல வேளையாக இவற்றை ஒருமைப்படுத்தும் விதியை யூனிகோடே தந்திருக்கிறது. நிரலாளர் ஒரு வரி எழுதினால் போதும், எழுத நினைவிருந்தால். 'கௌரி' அப்படித் தப்ப முடியாது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டினால் 'கெளரி' ஆகும்; கண்ணுக்கு வேறுபாடு தெரிவதே அரிது, ஆனால் இது முறைப்படி வேறு சொல், எந்த விதியும் இரண்டையும் இணைக்காது. 'ஸ்ரீ'யின் கதையும் அதுவே. 2005-இல் யூனிகோடின் 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, அதைக் கொண்டும் ஸகரத்தைக் கொண்டும் 'ஸ்ரீ' எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒரு ஸ்ரீதரைத் தேடி, அவர் திரையிலேயே இருக்கும்போது 'இல்லை' என்ற விடையைப் பெற்ற அனுபவம் எனக்கு உண்டு.

இவற்றையெல்லாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம், 'கணினி ஏற்கவில்லை' என்ற வாக்கியம். வங்கியிலும் அலுவலகத்திலும் நாம் நாள்தோறும் கேட்கும் இந்த வாக்கியம் உண்மையல்ல. கணினிக்கு ஏற்பும் மறுப்பும் இல்லை. என்னைப் போன்ற ஒருவர், எங்கோ ஒரு மேசையில், இன்ன கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது, இன்ன எழுத்துகள் மட்டுமே வரலாம், இன்ன நீளத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்ததை அது நிறைவேற்றுகிறது. அந்த விதியை மாற்றலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில் தொழிலாளியின் பெயரை மாற்றச் சொல்கிறோம். அதற்கு அவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும்; உறுதிமொழிப் பத்திரத்துக்குச் செலவழிக்க வேண்டும்; கஞ்சத்துக்குத் திரும்பிவிட்டவர் என்றால் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் ஒப்புதலைத் தொலைபேசியில் கெஞ்சிப் பெற வேண்டும்.

நிலைமை சற்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபருக்குப் பின் ஆதார் அடிப்படையில் வைப்பு நிதிக் கணக்கு எண் பெற்றவர்கள், பெயர் உள்ளிட்ட விவரங்களை நிறுவனத்தின் ஒப்புதலின்றித் தாங்களே இணையத்தில் திருத்தலாம் என்ற வசதி 2025 ஜனவரியில் வந்தது. வரவேற்க வேண்டியது. ஆனால் ஆதாரிலேயே பெயர் பிழையாகப் பதிவாகியிருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். திருத்துவதை எளிதாக்குவது ஒரு பணி. பிழையை உண்டாக்காமல் இருப்பது வேறு பணி. இரண்டாவது எங்களுடையது, அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பெயருக்கு ஒரே கட்டம். அதில் அவர் அட்டையில் உள்ளபடியே, ஒரு சொல்லானாலும் நான்கானாலும். தந்தை பெயர் தேவை என்றால் 'தந்தை பெயர்' என்றே தனியாகக் கேட்கலாம். ஆளை அடையாளம் காண எண் இருக்கிறது. பெயரை அதற்காக வளைக்க வேண்டியதில்லை.

அந்த ஆலையின் படிவத்தை அவ்வாறே மாற்றினேன். மாற்றிய நேரம் அரை நாள். பழைய குமார்களையும் தேவிகளையும் ஒவ்வொருவரின் அட்டையோடும் ஒப்பிட்டுத் திருத்த, பதிவு செய்த அந்த இளைஞரும் நானுமாக மூன்று வாரங்கள் உட்கார்ந்தோம். வேலையை விட்டுப் போனவர்கள் சிலரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கைப்பேசி எண்கள் மாறிவிட்டிருந்தன. கஞ்சத்துக்காரருக்குப் பணம் வந்து சேர்ந்தது. தகவல் சொல்ல அழைத்தபோது, நான் யார் என்று அவருக்கு விளங்கவைக்க என் அரைகுறை இந்தி போதவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் என்று நினைத்து, அடுத்த மாதம் வேலை இருக்கிறதா என்று கேட்டார்.

சென்ற மாதம் வேறொரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பக்கத்துக்கான வரைபடத்தை அனுப்பியிருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டுக்கும் அருகில் சிவப்பு நட்சத்திரம். ஒரே கட்டமாக மாற்றலாமே என்று எழுதினேன். தலைமையகத்தின் மென்பொருள் இரண்டு கட்டங்களைத்தான் எதிர்பார்க்கிறது என்று பதில் வந்தது. அந்த மென்பொருளை எழுதியவர் யார் என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.